படத்தில் விழுந்த மோதிரம்

சவர்க்காரமே தேவைப்படவில்லை. மையத்தாகக் கிடந்த உடலைக் குளிப்பாட்ட வந்த பள்ளிவாசல் சரீப் மோதினார் விரலைப் பிடித்து இலேசாக அசைத்ததும், மஜீட் ஹாஜியாரின் வெள்ளி மோதிரம் கழன்று மருமகன் ஸாஹிரின் கைக்குள் விழுந்தது.

"லேசாக் கழண்டுட்டே," என்றார் மோதினார்.

ஸாஹிர் அதைப் பொத்திப் பிடித்தான். வாவிக் காற்றில் மறைப்புத் துணி படபடத்தது. இதே மோதிரத்தோடு போன மாதம் ஆஸ்பத்திரியில் மல்லுக்கட்டியவன் அவன். ஸ்கேன் அறைக்குள் உலோகம் கூடாது என்றார்கள். சவர்க்காரம், தேங்காயெண்ணெய், துஆ எல்லாம் போட்டுப் பார்த்தும் அசையவில்லை. கடைசியில் அதன்மேல் பிளாஸ்டர் ஒட்டி உள்ளே அனுப்பினார்கள்.

படம் வந்தது. மூளைக்குள் வெள்ளையாய் ஒரு வளையம்.

மாமனார் அதை யன்னல் வெளிச்சத்தில் பிடித்துச் சிரித்தார். "பாத்தியா மனே, என்ட மோதிரம். கழட்டாமப் போனா இப்பிடித்தான் விழும்."

வீடே நம்பியது. பள்ளிக்கூடத்தில் விஞ்ஞானம் படிப்பிக்கும் ஸாஹிரும் கொஞ்சம் நம்பினான். படுத்திருக்கையில் மாமாவின் கை தலைப்பக்கம் போயிருக்கலாமே என்றுகூட யோசித்தான். நல்லவேளை, வகுப்பில் இதை யாரும் கேட்கவில்லை.

டொக்டர் யோகராசா சிரிக்கவில்லை. "இது புற்றுக் கட்டியாவும் இருக்கலாம். சீழ், சயரோக உருண்டை எண்டாலும் இப்பிடித்தான் தெரியும். அது எண்டா மருந்தாலயே மாறும், சுகமாகும். கொழும்பில வேற மாதிரி ஸ்கேன் ஒண்டு இருக்கு. உள்ளுக்க ரத்தம் எப்பிடி ஓடுது, என்ன ரசாயனம் கிடக்கு எண்டு பாத்துப் பிரிச்சுச் சொல்லலாம். திகதி வந்தா போன்ல கோல் எடுப்பாங்க."

திகதி வரவில்லை. இன்று அதிகாலை சுபஹு தொழுகைக்குப் பிறகு மாமனார் கண்ணை மூடிவிட்டார்.

முற்றத்துக்கு வந்தவர்களெல்லாம் என்ன வருத்தம் என்று கேட்டார்கள். முதலில் வந்தவரிடம் ஸாஹிர் கட்டி என்றான். அடுத்தவரிடம் சீழ் என்றான். மூன்றாமவர், வயதில் மூத்தவர், அவர்கள் இருவரோடும் பேசிவிட்டு வந்து, "தம்பி, ரெண்டுமா?" என்றார்.

"ஓம் காக்கா."

உள்வாசலில் மனைவி றமீஸா நின்றாள். "நீங்களாவது சொல்லுங்க. வாப்பாட வருத்தம் மருந்துக்கு மாறுறதா, மாறாததா?"

ஸாஹிர் மோதிரத்தைச் சட்டைப் பைக்குள் போட்டான்.

"மாறுறது எண்டா, நாம சும்மா பாத்துக்கிட்டா இருந்த?" என்றாள்.

மையத்து வைத்த சந்தூக்கைத் தூக்க ஆட்கள் குனிந்தபோது அவனுடைய போன் அடித்தது.

"மஜீட் எண்ட நோயாளிட ஆளா? ஸ்கேனுக்குச் செவ்வாக்கிழமை திகதி கிடைச்சிருக்கு. வெறும் வயித்தோட வரணும். உடம்பில உலோகம் ஏதும் இருக்கா?"

"மோதிரம் ஒண்டு இருந்த," என்றான் ஸாஹிர். "இப்ப கழண்டுட்டு."

"அப்ப நல்லது. வருவீங்கதானே?"

"ஓம்."

"ஆரு?" என்றாள் றமீஸா.

"கொழும்பால. செவ்வாக்கிழம வரட்டாம். வெறும் வயித்தோட."

அவள் சந்தூக்கைப் பார்த்தாள். "வாப்பா பசி தாங்கமாட்டாங்களே."

சந்தூக்கு உயர்ந்தது. ஸாஹிர் போனையும் அதே பைக்குள் போட்டுவிட்டு ஓடிப்போய்த் தோள் கொடுத்தான். வேலிக் கடப்பைத் தாண்டித் தெருவில் இறங்கிய பிறகும், அவன் வைத்த ஒவ்வோர் அடிக்கும், மோதிரம் போனில் பட்டுக் கிணுங்கிக்கொண்டே வந்தது.