ஆளுக்கொரு முனை

கண்ணாடிக் கடையில் நெட்டையனையும் அவன் தங்கை புருஷனையும் எப்போதும் ஜோடியாகத்தான் வேலைக்கு அனுப்புவார்கள். எவ்வளவு பெரிய கண்ணாடியானாலும் அவர்கள் தூக்கினால் கீறல் விழாது. பின்பக்கமாக நடப்பவனுக்கு எதிரில் இருப்பவன்தான் கண். "படி மாப்ளே... இன்னொண்ணு... அப்படியே திரும்பு" என்று நெட்டையன் ஓயாமல் சொல்லிக்கொண்டே வருவான்.

"உங்க வாய்க்குத் தனிச் சம்பளம் கேளுங்க மச்சான்" என்று மாப்பிள்ளை சிரிப்பான்.

ஒருநாள் தங்கை வீட்டுக்குப் போன நெட்டையன், அவள் கன்னம் கன்றிப்போயிருப்பதைப் பார்த்தான்.

"கதவுல இடிச்சுக்கிட்டேண்ணே."

கதவுக்கு ஏது ஐந்து விரல்? அன்றோடு மாப்பிள்ளையிடம் பேச்சை நிறுத்தினான். ஜோடி மாற்றச் சொன்னால் முதலாளி காரணம் கேட்பார், குடும்ப மானம் கப்பலேறும். அதனால் வேலை மட்டும் தொடர்ந்தது.

அந்த வாரமே, கட்டி முடியாத ஒரு கட்டடத்தின் மூன்றாம் மாடிக்கு ஆளுயரக் கண்ணாடி போக வேண்டியிருந்தது. மாப்பிள்ளை மேல்முனையைப் பிடித்துப் பின்பக்கமாக ஏறினான். கீழ்முனை நெட்டையனிடம். அவன் வாயே திறக்கவில்லை. மாப்பிள்ளை குதிகாலால் படிகளைத் துழாவினான்.

"ஒரு வார்த்தை சொல்லுங்க மச்சான். கோபத்தை வீட்ல வெச்சுக்கலாம்."

என் முனையை நான் ஒழுங்காகப் பிடித்திருக்கிறேன், அது போதும் என்று நெட்டையன் பல்லைக் கடித்துக்கொண்டான்.

இரண்டாம் மாடித் திருப்பத்தில் கொத்தனார் ஒரு சிமென்ட் வாளியை விட்டுப் போயிருந்தார். நெட்டையன் அதைப் பார்த்தான். சொல்ல நாக்கு எழுந்தது. கொஞ்சம் இடறட்டுமே என்று மனசு அதை அமுக்கியது. அதற்கு மேல் அவன் எதுவும் நினைக்கவில்லை.

மாப்பிள்ளை மல்லாக்க விழுந்தான். கண்ணாடி அவன்மேல் உடைந்து, ஒரு துண்டு தொடையில் ஆழமாக இறங்கியது. நெட்டையன் சட்டையைக் கழற்றி அழுத்தினான். "மாப்ளே, கண்ணைத் திற... வண்டி வருது மாப்ளே..." அடக்கி வைத்த பேச்செல்லாம் கொட்டியது. ஆஸ்பத்திரி போய்ச் சேருவதற்குள் உயிர் போய்விட்டது.

"ரெண்டு பேரும் சேர்ந்துதானே தூக்கினீங்க?" என்று போலீஸ்காரர் கேட்டார்.

"ஆமா சார்."

"அப்புறம் உன்மேல என்ன தப்பு? விபத்து."

சேர்ந்து தூக்கவில்லை. ஒரே கண்ணாடியை இரண்டு பேர் தூக்கினார்கள். அந்த வித்தியாசம் தெரிந்த இன்னொருவன் பிணவறையில் கிடந்தான்.

பிணவறை வாசலில் உட்கார்ந்து, தங்கை அவன் தோளில் சாய்ந்து அழுதாள். "கடைசியில நீயாவது கூட இருந்தியேண்ணே."

"நான் கூட இல்லம்மா."

துக்கத்தில் உளறுகிறான் என்று அவள் அவன் முதுகைத் தடவினாள்.

"வாளியைப் பார்த்தேன். பார்த்துட்டுச் சும்மா இருந்தேன்."

தடவிய கை நின்றது. அவள் அவன் தோளிலிருந்து நிமிர்ந்தாள். அவன் மறுபடி வாயெடுத்தபோது தடுத்தாள்.

"எனக்காகன்னு மட்டும் சொல்லிடாதே. இதுல என்னைச் சேர்க்காதே."

உள்ளேயிருந்து ஆள் கூப்பிட்டார்கள். அவன் எழுந்தான். "நீ வர வேண்டாம்" என்று சொல்லிவிட்டு, புருஷனை அடையாளம் காட்ட அவள் தனியாகவே உள்ளே போனாள்.