மூச்சுக்கு ஊற்றும் தண்ணீர்

மெஷின் வந்த அன்று சுஜி சமையலறை வாசலைத் தாண்டி ஹாலுக்குள் வரவில்லை. நிலைப்படியில் சாய்ந்தபடியே கேட்டுக்கொண்டிருந்தாள். கம்பெனியிலிருந்து வந்திருந்த வெற்றிவேல், அவள் கணவன் டெனிஸின் எதிரில் அமர்ந்து ஒவ்வொன்றாகக் காட்டிக்கொண்டிருந்தார். பழைய ரேடியோப் பெட்டி அளவுதான் இருந்தது அந்த சீபேப் மெஷின். அதிலிருந்து ஒரு நெளிகுழாய், குழாயின் முனையில் மூக்கை மூடும் மாஸ்க். தூங்கும்போது தொண்டை அடைத்து மூச்சு நின்றுவிடாமல் காற்றை அழுத்தி உள்ளே அனுப்பிக்கொண்டே இருக்குமாம்.

"வெறும் காத்து போனா மூக்கு காஞ்சு ரத்தம் வந்துடும் சார். அதுக்குத்தான் இந்தத் தொட்டி. தண்ணி ஊத்தி வெச்சா லேசா சூடு பண்ணி, காத்தை ஈரமாக்கி அனுப்பும். ஆனா டிஸ்டில்டு வாட்டர்தான் ஊத்தணும். குழாய்த் தண்ணி கூடவே கூடாது, கேன் தண்ணியும் வேணாம். முதல் பாட்டில் நானே தந்துட்டுப் போறேன்."

"சரி" என்றான் டெனிஸ். அந்த ஒரு சொல்லுக்கு மேல் அவன் எதுவும் கேட்கவில்லை.

"மேடம், நீங்களும் கவனிச்சுக்கிட்டீங்கல்ல?"

சுஜி தலையை ஆட்டினாள். அவளுக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. கிழக்குத் தாம்பரத்தில் ஒரு பல் மருத்துவமனையில் ஒன்பது வருடமாக வேலை. கருவிகளை ஆவியில் வைத்துச் சுத்தம் செய்யும் ஆட்டோகிளேவுக்குக் காலையில் போனதும் தண்ணீர் ஊற்றுவது அவள்தான். சேர்ந்த புதிதில் டாக்டர் ஹரிபிரசாத் அதில் தண்ணீரைச் சூடாக்கும் ஒரு பழைய கம்பிச்சுருளைக் கொண்டுவந்து காட்டியிருந்தார். சுண்ணாம்பு பூசினாற்போல் வெள்ளையாகக் காரை ஏறியிருந்தது. "போர் தண்ணி ஊத்தினா இதான் கதி. இரும்பே இப்படி ஆகுதுன்னா பார்த்துக்கோங்க" என்று சொன்னார். அன்றிலிருந்து காய்ச்சி வடித்த தண்ணீரைத் தவிர வேறெதையும் அவள் அதில் ஊற்றியதில்லை.

டெனிஸின் குறட்டை சிட்லபாக்கத்தில் அவர்கள் தெருவுக்கே தெரியும். சுஜியின் அம்மா ஞானசௌந்தரி அவர்களோடுதான் இருந்தார். "மாப்பிள்ளை தூங்குற சத்தத்துல திருடன் கிட்ட வர மாட்டான்" என்று வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிச் சிரிப்பார். வேலை முடிந்து பீச் ஸ்டேஷனில் ரயில் ஏறுகிறவன், வீட்டுக்குப் பக்கத்துச் சானடோரியம் ஸ்டேஷனில் இறங்காமல் தூங்கியபடியே செங்கல்பட்டு வரைக்கும் போய்த் திரும்பியிருக்கிறான். ஆலயத்தில் பிரசங்கம் தொடங்கியதும் தலை தொங்கிவிடும். சுஜி முழங்கையால் இடிப்பாள். பின் வரிசையில் சிரிப்பார்கள். எல்லாருக்கும் அது வேடிக்கை. அவளுக்கும்தான்.

போன அக்டோபரில் மதுராந்தகத்தில் ஒரு சொந்தக்காரரின் புதுவீட்டுப் பிரதிஷ்டை ஜெபத்துக்குப் போய்விட்டு மத்தியானச் சாப்பாடு முடிந்து காரில் திரும்பினார்கள். பின்னால் உட்கார்ந்தால் குமட்டும் என்று அம்மா முன்சீட்டில் இருந்தார். மறைமலை நகர் வருவதற்கு முன்னால் சாலையோரம் ஒரு லாரி நின்றிருந்தது. வெயில் பளீரென்று அடித்த, நேரான சாலை. டெனிஸ் பிரேக்கைத் தொடவேயில்லை. பின்சீட்டில் இருந்த சுஜிக்குத் தலையில் அடிபட்டு நினைவு தப்பியது. கண் விழித்தபோது ஆஸ்பத்திரியில் இருந்தாள். அம்மா இல்லை.

அதற்குப் பிறகுதான் டெனிஸைத் தூங்கவைத்துச் சோதித்தார்கள். தூக்கத்தில் அவனுக்கு மணிக்கு முப்பது நாற்பது தடவை மூச்சு நின்று நின்று வருகிறது என்றார் டாக்டர். ராத்திரி தூங்கினாலும் அது தூக்கமே இல்லை, பகலில் கண் சொருகாமல் இருந்தால்தான் ஆச்சரியம், இது வியாதி, யாரையும் குற்றம் சொல்ல முடியாது என்றார். அந்தக் கடைசி வார்த்தைதான் சுஜியால் தாங்க முடியாததாக இருந்தது. யாரையும் குற்றம் சொல்ல முடியாதென்றால் அம்மாவின் சாவை எங்கே கொண்டு வைப்பது?

அவள் சண்டை போடவில்லை. வாய்விட்டு ஒரு சொல் சொல்லவில்லை. அம்மாவின் அறைக்குப் படுக்கையை மாற்றிக்கொண்டாள். சமைத்தாள், பரிமாறினாள், வேலைக்குப் போனாள். "கேஸ்காரன் வந்தானா?" "கரன்ட் பில் கட்டியாச்சா?" என்ற அளவில் பேச்சு நின்றது.

வெற்றிவேல் தந்த பாட்டில் தீர்ந்துபோன மறுநாள் சாயங்காலம், டெனிஸ் தொட்டியை எடுத்துக்கொண்டு வாஷ்பேசினுக்குப் போவதை சுஜி பார்த்தாள். குழாயைத் திறந்து கோடு வரைக்கும் நிரப்பினான். அது போர் தண்ணீர். வாளியில் இரண்டு நாள் நின்றால் வெள்ளை வளையம் போடும். சொல்ல வேண்டும் என்று வாய் வரைக்கும் வந்தது. சொல்லாமல் துணி மடிக்கப் போய்விட்டாள்.

மறுநாள் மருத்துவமனையில் ஐந்து லிட்டர் கேனைச் சாய்த்து ஆட்டோகிளேவில் ஊற்றும்போது கை ஒரு கணம் நின்றது. பிறகு மூடியைத் திருகி மூடினாள்.

வாரங்கள் போயின. அறை பெருக்கும்போது தொட்டி கண்ணில் படும். அடியில் முதலில் மங்கலாக ஒரு படலம், பிறகு சொரசொரப்பாக வெள்ளைக் காரை. மூலைகளில் இளஞ்சிவப்பாக வழுவழுவென்று ஏதோ படர்ந்தது. பழைய தண்ணீரைக் கொட்டாமல் மேலேயே ஊற்றுகிறான் என்பதும் அவளுக்குத் தெரிந்தது. டெனிஸ் இருமத் தொடங்கினான். வறட்டு இருமல் சளியாயிற்று. ஞாயிறு ஆராதனையில் அவன் இருமல் தாங்காமல் பாதியில் எழுந்து வெளியே போக வேண்டியிருந்தது. அவள் பின்னால் போகவில்லை. பாட்டுப் புத்தகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். அதிலிருந்த ஒரு எழுத்துகூட அவள் கண்ணில் பதியவில்லை.

ஒரு சனிக்கிழமை காலை, மெஷின் எப்படி ஓடுகிறது என்று பார்க்க வெற்றிவேல் மறுபடி வந்தார். தொட்டியைக் கழற்றி வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தவர் முகத்தைச் சுளித்தார்.

"என்ன சார் இது? என்ன தண்ணி ஊத்துறீங்க?"

"குழாய்த் தண்ணி."

"நான்தான் அவ்ளோ சொன்னேனே சார்!"

"மறந்துட்டேன்" என்றான் டெனிஸ்.

"உப்பு படிஞ்சா மெஷின்தான் சார் போகும். ஆனா இந்த வழுவழுப்பு இருக்கே, இது கிருமி. ராத்திரி பூரா இதுல பட்ட காத்தைத்தான் நெஞ்சுக்குள்ள இழுக்குறீங்க. குடிச்சா வயித்துக்குப் போற தண்ணி வேற, மூக்கு வழியா போறது வேற." அவர் சுஜியின் பக்கம் திரும்பினார். "நீங்களாவது ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா மேடம்?"

சுஜிக்குக் காதுமடல் சுட்டது. இந்தத் தொட்டி இனி வேண்டாம், புதிது அனுப்புகிறேன், தினமும் மிச்சத்தைக் கொட்டிச் சோப்புத் தண்ணீரில் கழுவிக் காயவையுங்கள், முதலில் போய் டாக்டரைப் பாருங்கள் என்று சொல்லிவிட்டு வெற்றிவேல் கிளம்பினார்.

கேட் சாத்தும் சத்தம் கேட்டது. தொட்டி மேசைமேல் இருந்தது.

"மறக்கலை நீங்க" என்றாள் சுஜி.

டெனிஸ் அவளைப் பார்த்தான். அவள் தானாக அவனிடம் பேசி எத்தனையோ நாளாகியிருந்தது.

"மறக்கலை" என்றான். "பாட்டில் தீர்ந்த அன்னைக்கே மெடிக்கலுக்குப் போனேன். வாசல்ல நின்னேன். உள்ள போய்க் கேக்க வாய் வரலை."

"தண்ணி கேக்கறதுக்கு என்ன?"

அவன் இருமினான். இருமல் அடங்கும்வரை காத்திருந்துவிட்டு மெதுவாகச் சொன்னான். "அத்தை அன்னைக்குத் தண்ணி கேட்டாங்க, சுஜி."

சுஜி நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டாள். அவளுக்கு இது தெரியாது. இடித்தவுடனேயே உயிர் போய்விட்டது என்றுதான் எல்லாரும் அவளிடம் சொல்லியிருந்தார்கள்.

"நீ பின்னாடி மயங்கிக் கெடந்த. அவங்க கால் மாட்டிக்கிச்சு. நினைவு இருந்துச்சு. தண்ணின்னு கேட்டாங்க. பாட்டில் என் கையில இருக்கு. கூடியிருந்தவங்க எல்லாம் குடுக்காதீங்க, அடிபட்டவங்களுக்குக் குடுக்கக் கூடாது, ஆம்புலன்ஸ் வருதுன்னு கத்துறாங்க. நான் குடுக்கலை. இரண்டாவது தடவையும் கேட்டாங்க. 'மாப்பிள்ளை, கொஞ்சம் தண்ணி'ன்னாங்க. குடுக்கலை. ஆம்புலன்ஸ் வர்றதுக்குள்ள..." அவன் தொட்டியைக் காட்டினான். "அவங்களுக்கு ஒரு வாய் குடுக்காதவன், எனக்குன்னு கடைக்குப் போய் நல்ல தண்ணியாப் பார்த்து வாங்கணுமா? எது ஊத்தினா என்ன ஆகும்னு தெரிஞ்சேதான் ஊத்தினேன். ஆகுறது ஆகட்டும்னு இருந்துச்சு."

வெளியே தண்ணீர் லாரி ஒன்று ஹாரன் அடித்துக்கொண்டு போயிற்று. சுஜி அழவில்லை. அம்மாவின் குரலில் அந்த மூன்று சொற்களும் அவளுக்குள் கேட்டுக்கொண்டிருந்தன. மாப்பிள்ளை, கொஞ்சம் தண்ணி. திட்டவில்லை அம்மா. சாகும்போதும் மாப்பிள்ளை என்றுதான் கூப்பிட்டிருக்கிறார்.

"எனக்கும் தெரியும்" என்றாள்.

"என்ன தெரியும்?"

"நீங்க குழாய்த் தண்ணி ஊத்துறது. முதல் நாளே பார்த்தேன். கிளினிக்ல தினம் அந்தத் தண்ணியைத்தான் கையில பிடிக்கிறேன். ஒரு பாட்டில் வாங்கிட்டு வர எனக்கு எவ்ளோ நேரம் ஆகும்? பார்த்துக்கிட்டே சும்மா இருந்தேன். நீங்க இருமுனீங்க. அப்பவும் சும்மாதான் இருந்தேன்." அவள் மேசைமேலிருந்த தொட்டியைத் தன் பக்கம் நகர்த்தினாள். "நான் என்ன நெனச்சிக்கிட்டிருந்தேன்னு எனக்கே சொல்லத் தெரியலைங்க. சொன்னா பயமா இருக்கு."

டெனிஸ் கையை நீட்டவில்லை, எழுந்து வரவில்லை. "சரி" என்று மட்டும் சொன்னான். அதைக் கேட்டபோதுதான் அவளுக்கு அழுகை வந்தது.

அன்று பகலிலேயே அவனைத் தாம்பரத்தில் டாக்டரிடம் அழைத்துப் போனாள். எக்ஸ்ரேயில் இடது நுரையீரலின் அடிப்பக்கம் சளி கட்டியிருந்தது. "தண்ணியாலதான் வந்ததுன்னு அடிச்சுச் சொல்ல முடியாது. ஆனா அந்தத் தண்ணியை இனிமே கிட்டயே சேர்க்காதீங்க" என்று மருந்து எழுதிக் கொடுத்தார்.

டெனிஸை ஆட்டோவில் வீட்டுக்கு அனுப்பிவிட்டு சுஜி தாம்பரத்திலேயே நின்று தண்ணீர் தேடினாள். கிளினிக்கின் கேனிலிருந்து கொஞ்சம் கேட்டால் டாக்டர் ஹரிபிரசாத் தந்திருப்பார். அவளுக்குக் கேட்கப் பிடிக்கவில்லை. முதல் மருந்துக் கடையில் சீல் வைத்த குடிதண்ணீர் பாட்டிலை எடுத்து நீட்டினார்கள்.

"மினரல் வாட்டர்தான் மேடம், ப்யூர்."

"மினரல் இருக்கக் கூடாது, அதுதான் விஷயம்" என்று திருப்பிக் கொடுத்தாள்.

அடுத்த கடையில் ஆவி பிடிக்கும் மெஷினுக்கு ஊற்றுகிற சலைன் இருக்கிறது என்றார்கள். அது உப்பு நீர். வேண்டாம் என்றாள். மார்க்கெட் பக்கம் போகும் வழியில் ஒரு பேட்டரி கடைக்காரர், பக்கத்துக் கடையில் அவள் கேட்டதைக் காதில் வாங்கிக்கொண்டு கூப்பிட்டார்.

"இன்னாமா, டிஸ்டில் வாட்டர்தானே? இந்தா கீது. இன்வெர்ட்டருக்கா?"

"இல்லைண்ணா. மூச்சு மெஷினுக்கு."

அவர் நீட்டிய கேனைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார். "ஐயோ, வேணாமா. இது பேட்டரிக்குத்தான். இத்த எங்க புட்ச்சாங்கோ, இன்னா கலந்தாங்கோன்னு எனுக்கே தெர்யாது. மன்சன் மூக்குல போற மேட்டர். சர்ஜிக்கல் கடைல கேளு, ஸ்டேசன் பக்கம்."

ஸ்டேஷன் பக்கத்து சர்ஜிகல் கடையில் கிடைத்தது. கேனின் லேபிளை வெயிலில் பிடித்து ஒவ்வொரு வரியாகப் படித்தாள். தேதியைப் பார்த்தாள், சீலைத் தடவிப் பார்த்தாள். "யாருக்கு மேடம்?" என்று கடைக்காரர் கேட்டார்.

"வீட்டுக்காரருக்கு" என்றாள். சொல்லிவிட்டு, அந்தச் சொல்லை வெகுநாளாகத் தான் யாரிடமும் சொல்லவில்லை என்பதை உணர்ந்தாள். இரண்டு கேன் வாங்கி, கை வலிக்கச் சுமந்துகொண்டு பஸ் ஏறினாள்.

புதுத் தொட்டி வந்தது. தினமும் காலையில் மிச்சத் தண்ணீரைக் கொட்டி, கழுவி, ஜன்னலோரம் துண்டின்மேல் கவிழ்த்து வைப்பாள். மாலையில் கோடு வரைக்கும் ஊற்றுவாள். இருமல் முழுதும் அடங்க மாதத்துக்கு மேலாயிற்று.

எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்வதற்கில்லை. சொல்லப்போனால் அதற்குப் பிறகுதான் சண்டையே வந்தது. அம்மாவின் புடவைகளை ஆலயத்தில் கொடுத்துவிடலாமா என்று ஒரு மத்தியானம் டெனிஸ் சாதாரணமாகக் கேட்டான். சுஜி தட்டை வைத்துவிட்டு எழுந்தாள். இத்தனை மாதமும் அடக்கிவைத்திருந்தது அத்தனையும் வெளியே வந்தது. கண் சொருகினால் ஓரமாக நிறுத்தத் தெரியாதா என்றாள். நீங்கள்தான் கொன்றீர்கள் என்றாள். தூங்குகிறவரைப் பார்த்துச் சிரித்த நானும் கொன்றேன் என்றாள். மாடியில் இருந்தவர்கள் ஜன்னல் வழியே எட்டிப் பார்த்தார்கள். டெனிஸ் எதையும் மறுக்கவில்லை. எழுந்து போகவும் இல்லை. கடைசி வார்த்தை வரைக்கும் கேட்டுக்கொண்டு, சாப்பாடு காய்ந்த கையோடு உட்கார்ந்திருந்தான்.

அன்று சாயங்காலம் அவள் முகம் வீங்கியிருந்தது. அவனோடு பேசவில்லை. ஆனால் விளக்கு வைக்கிற நேரத்தில் அறைக்குள் வந்து, காய்ந்திருந்த தொட்டியை எடுத்து விளிம்பை விரலால் தடவிப் பார்த்தாள். கேனைச் சாய்த்துச் சிந்தாமல் ஊற்றினாள். டெனிஸ் கட்டிலில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தான்.

"புடவை எதையும் யாருக்கும் குடுக்க வேணாம்" என்றாள் அவன் பக்கம் திரும்பாமல். "இப்ப வேணாம்."

"சரி."

தொட்டியை மெஷினுக்குள் தள்ளி, பொருந்தும் சத்தம் கேட்கிறதா என்று பார்த்துவிட்டு, அவள் அடுப்பில் வைத்த பாலைக் கவனிக்கப் போனாள்.