கூட்டமில்லாத மலை

எங்கள் லயத்து வரிசை வீடுகளில் ஒரு காம்பராவில் தும்மினால் அடுத்த காம்பராவிலிருந்து "நூறு" என்று குரல் வரும். சுவர் அவ்வளவு கனம். அப்படியிருக்க, பசறைக்கு மேலே தோட்டத்தில் தேயிலைக் கொழுந்தெடுக்கும் கருப்பம்மாவுக்கு ஐம்பத்தெட்டு வயதில் பனிச்சறுக்கு ஞானம் பிறந்த செய்தி எத்தனை நாளைக்கு மூடிக் கிடக்கும்?

புருஷன் போய்ச் சேர்ந்துவிட்டான். ஒரே மகன் கஜேந்திரன் கனடாவில், ஒரு சாமான் கிடங்கில் வேலை. அவனுக்குச் சனிக்கிழமை இரவு என்றால் இங்கே ஞாயிறு காலை. அந்த நேரம் பார்த்துத்தான் கூப்பிடுவான். கருப்பம்மா விடிந்ததுமே குளித்து, திருநீறு பூசி, நல்ல சேலையைக் கட்டிக்கொண்டு, கல்யாணத்துக்குப் போகிறவள் மாதிரி வாசற்படியில் உட்கார்ந்துவிடுவாள். மற்ற ஆறு நாளும் அந்த ஒரு காலையைத் தொட்டுக்கொண்டுதான் அவளுக்குச் சோறு இறங்கும்.

கார்த்திகை மாதத்து ஒரு ஞாயிறன்று அவன் குண்டைத் தூக்கிப் போட்டான். கூட வேலை செய்கிற நிஸாமும் இன்னும் சில கூட்டாளிகளும் சனிக்கிழமை தோறும் பனியில் சறுக்கப் போகிறார்களாம், இவனையும் கூப்பிடுகிறார்களாம். இரவு மலையிலேயே தங்கல். அங்கே சிக்னல் கிடையாது. பனி முடிய மாசி, பங்குனி ஆகிவிடும்.

"போய்ட்டு வா சாமி" என்றுதான் சொன்னாள். சொன்ன கையோடு பக்கத்துக் காம்பரா ஜெபமலரிடம் போய் நின்றாள்.

ஜெபமலர் பிள்ளைமடுவத்தில் குழந்தைகளைப் பார்த்துக்கொள்பவள். குழந்தைகள் தூங்கினால் ஃபோனும் கையுமாக இருப்பாள்; உலகத்தில் நடக்கிற எல்லாம் அவளுக்குத் தெரியும், பாதி தப்பாக. இரண்டு பேரும் நான்கு சாயங்காலம் குந்தி இருந்து வீடியோ பார்த்தார்கள். புதிதாகப் பழகுகிறவன் பெரிய மலைக்குப் போகக் கூடாது. சரிவு குறைந்த சின்ன மலையாகப் பார்க்க வேண்டும். பச்சை வட்டம் போட்ட பாதைதான் லேசானது. ஏணியில்லை, படியில்லை, பாய் மாதிரி ஒன்று தானே ஓடி ஆளை மேலே ஏற்றிவிடும். கடைசியாக ஒரு வெள்ளைக்காரி சொன்னது கருப்பம்மாவின் காதில் தேனாக விழுந்தது. சனி, ஞாயிறு போகாதீர்கள், கூட்டம் தாங்காது, கிழமை நாளில் போங்கள்.

அடுத்த ஞாயிறு அவள் பேசிய பேச்சை நீங்கள் கேட்டிருக்க வேண்டும். பிறந்ததே பனியில் என்பது போல. பெரிய மலை வேண்டாமாம், நிஸாமுக்குப் பழக்கம், உனக்கு என்ன பழக்கமாம். சம்பள வாரத்தில் பசறைக் கடைத்தெருவில் எப்படி இடிபடுகிறோம், அதில் காலில் பலகையும் கட்டிக்கொண்டு நிற்பாயா என்று கேட்டாள். கஜேந்திரன் விழுந்து விழுந்து சிரித்தான். ஒப்புக்கொள்ளவும் செய்தான். வீட்டுக்குப் பக்கத்தில் சின்ன மலை ஒன்று இருக்கிறது, புதன்கிழமை லீவு போட்டுப் போகிறேன் என்றான்.

ஞாயிறு காலைப் பேச்சு தப்பிப் பிழைத்தது. மகன் மேல் அக்கறை என்றுதான் கருப்பம்மா சொல்லித் திரிந்தாள். காரியம் எதற்கென்று லயம் முழுக்கத் தெரியும். யாரும் முகத்துக்கு நேரே சொல்லவில்லை, அவ்வளவுதான்.

வியாழன் காலை வேலைக்கு ஆள் எண்ணுகிற பெரட்டுக்குக் கிளம்பும்முன் ஃபோனைப் பார்த்தால் வீடியோ வந்திருந்தது. வெள்ளை மலை. ஓடுகிற பாய் வெறுமனே ஓடுகிறது. ஒரு மனிதரில்லை. ஃபோனை நீட்டிப் பிடித்துக்கொண்டு கஜேந்திரன் தானே தன்னைப் படம் எடுக்கிறான். சறுக்கினான், விழுந்தான், ஃபோன் பனிக்குள் போய் வெறும் வெள்ளை தெரிந்தது. அவன் சிரிக்கும் சத்தம் கேட்டது. கூடச் சிரிக்க ஆளில்லாததால் அந்தச் சிரிப்பு பாதியில் நின்றது.

கருப்பம்மா அதைத் திரும்பத் திரும்பப் போட்டாள். ஜெபமலர் சுவருக்கு அந்தப் பக்கம் எத்தனை தடவை என்று எண்ணிக்கொண்டே இருந்தாள். பிறகு கருப்பம்மா தானே அவனைக் கூப்பிட்டாள்.

"நல்லா இருந்துச்சும்மா. நீங்க சொன்ன மாதிரி கூட்டமே இல்ல."

"நிஸாம் வரலியா?"

"அவனுங்களுக்குக் கெழம நாள்ல வேலதானே."

"விழுந்தியே, யாருய்யா தூக்கி விட்டது?"

"யாரு இருக்கா? நானேதான் எந்திரிச்சேன்."



"சனிக்கெழமையே போ சாமி, அவங்களோட."

"அப்ப ஞாயித்துக்கெழம ஒங்களோட பேச முடியாதேம்மா."

"இனிமே ஞாயித்துக்கெழமையில நான் எங்க வீட்ல இருக்கப் போறேன்? எனக்கு ஆயிரம் வேல கெடக்கு."

ஆயிரம் வேலையாம். ஜெபமலர் வாயைப் பொத்திக்கொண்டாள். சிரிப்பை அடக்கத்தான் பொத்தினேன் என்று அவளே பிறகு சொன்னாள். சொன்ன குரல் அப்படி இல்லை.

ஞாயிறு வந்தது. கருப்பம்மா நல்ல சேலை கட்டி, கதவைப் பூட்டிக்கொண்டு படி இறங்கினாள். மகனிடம் வீட்டில் இருக்க மாட்டேன் என்று சொல்லியாகிவிட்டது, இருந்தால் பொய்யாகிவிடுமே. பதுளை பஸ் ஏறினாள். பஸ் ஸ்டாண்டில் ஒரு பிளேன்டீ குடித்தாள். கொஞ்ச நேரம் யார் யாரோ ஏறி இறங்குவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். வந்த பஸ்ஸிலேயே திரும்பினாள்.

பஸ்ஸை விட்டு இறங்கி மேடேறி வருகிறவளைப் பார்த்ததும் லயமே வாசலுக்கு வந்துவிட்டது. கஜேந்திரனுக்குப் பெண் பார்க்கப் போனாள் என்று ஒரு கட்சி, இல்லை ஜோசியரிடம் என்று இன்னொரு கட்சி. பெண் எந்த ஊர் என்று ஜெபமலர் வாய்விட்டே கேட்டாள்.

"பதுளப் பக்கம்" என்றாள் கருப்பம்மா. "அடுத்த ஞாயிறும் போகணும்."