கலியமூர்த்தியின் இனிஷியல்

செத்து ஒன்பது வருடமான ஜோதிலிங்கம், தன் பெயரை அடித்துவிடச் சொல்லிக் கையெழுத்துப் போடுவதற்காக, தை அமாவாசை கழிந்த வாரம் புது டெல்லி ஸ்டேஷனில் வந்து இறங்கினார். எடுத்துப்போன அன்று போர்த்திய கோடி வேட்டியைத்தான் கட்டியிருந்தார். டெல்லிக் குளிருக்கு அது போதவில்லை. வெங்காய விலை ஏறிக்கிடந்த வருடம் அது. ஜனக்புரியில் எல்லோர் வாயிலும் வெங்காயம்தான் என்பதால், மூன்றாவது மாடிக் கலியமூர்த்தி வீட்டுக்குச் செத்துப்போன அப்பா வந்திருப்பதை அக்கம்பக்கத்தார் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. மருமகள் பூங்கோதை மட்டும் மூச்சு இரைக்க இரைக்க வெந்நீர் போட்டுக் கொடுத்து, புருஷனின் பழைய ஸ்வெட்டர் ஒன்றையும் தேடி எடுத்துத் தந்தாள்.

வினையெல்லாம் இனிஷியலால் வந்தது. கலியமூர்த்தி வேலை பார்த்த அரசு நிறுவனத்தில் ஊழியர் குடும்பத்துக்கு மருத்துவ அட்டை உண்டு. அட்டையில் பெயர் இருந்தால் ஆபரேஷன் வரைக்கும் ஆபீஸ் பார்த்துக்கொள்ளும். இல்லையென்றால் அவரவர் தலைவிதி. அவன் எழுதிக் கொடுத்தது ஜே. கலியமூர்த்தி, கே. பூங்கோதை என்று. ஜே என்றால் என்ன என்று இந்திக்கார கிளார்க் கேட்டார். அப்பா பெயரைச் சொல்லும் பெருமையில் நம் ஆள் ஜோதிலிங்கம் என்றான். கே என்றால்? கலியமூர்த்தி என்றான். அந்த ஊரில் முதலில் வருவதுதான் ஆளின் பெயர், பின்னால் வருவது குலப்பெயர். கிளார்க் குலப்பெயர்களை விட்டுவிட்டு மிச்சத்தை அழகான கையெழுத்தில் எழுதினார். ஆளாளுக்கு ஒரு படி மேலே ஏறிவிட்டது. அட்டையில் ஜோதிலிங்கம், கலியமூர்த்தி என்று இரண்டே பெயர்; வேலை பார்ப்பவன் கலியமூர்த்தி என்பதால், ஜோதிலிங்கம் அவனை நம்பியிருப்பவர் ஆனார். பூங்கோதை இல்லை.

அவளுக்கோ இதயத்தில் ஒரு வால்வு சுருங்கிக்கொண்டே வந்தது. மாடிப்படியில் இரண்டு இடத்தில் உட்கார்ந்து ஏறியவள், பிறகு இறங்குவதையே விட்டுவிட்டாள். ஆபரேஷன் செய்தால் பிழைப்பாள், தள்ளிப்போடக்கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். கலியமூர்த்தி மருத்துவப் பிரிவு அதிகாரி வேதாந்தத்தின் மேஜைக்கு நடையாய் நடந்தான். வேதாந்தம் கும்பகோணத்துக்காரர், இனிஷியல் என்றால் என்னவென்று அவருக்குமா விளக்க வேண்டும் என்று நம்பித்தான் போனான்.

“எனக்குத் தெரியறது, கலியமூர்த்தி. ஃபைலுக்குத் தெரியலையே,” என்றார் வேதாந்தம்.

ஒரு பெயரை எடுத்தால்தான் இன்னொரு பெயரைச் சேர்க்கலாம். எடுப்பதற்குச் சம்பந்தப்பட்டவரே நேரில் வந்து கையெழுத்துப் போட வேண்டும். விதி அப்படி. அந்த வயிற்றெரிச்சலோடுதான் கலியமூர்த்தி தை அமாவாசையன்று யமுனைக் கரையில் எள்ளும் தண்ணீரும் இறைத்தான். இறைக்கும்போது மந்திரத்துக்கு நடுவே, ஒரே ஒரு கையெழுத்துப்பா என்று வாய்விட்டு அழுதுவிட்டான். பெற்றவருக்கு மனசு கேட்கவில்லை, புறப்பட்டு வந்துவிட்டார்.

வந்தது ரொம்பத் தப்பாகப் போயிற்று. வேதாந்தம் கிழவரை மேலும் கீழும் பார்த்தார், உட்காரச் சொன்னார், டீ வரவழைத்துக் கொடுத்தார். பேர் இருக்கிறது, ஆளும் இருக்கிறார், அப்புறம் அட்டையில் தப்பு எங்கே என்று கேட்டார். இறப்புச் சான்றிதழை நீட்டினால், ஆளே எதிரில் டீ குடித்துக்கொண்டிருக்கும்போது காகிதத்தை எப்படி நம்புவது என்று திருப்பிக் கொடுத்துவிட்டார். அதில் அவரைக் குற்றம் சொல்லவும் முடியாது. ஆனால் சுறுசுறுப்பாக ஒரு காரியம் செய்தார். அது நாள்வரை கிடப்பில் போட்டிருந்த பூங்கோதையின் ஆஸ்பத்திரிக் காகிதங்களை அட்டையோடு சேர்த்து மேலே அனுப்பினார். பங்குனி பிறப்பதற்குள் அனுமதி வந்துவிட்டது, ஜோதிலிங்கத்தின் இதய ஆபரேஷனுக்கு.

பூங்கோதையை மாமனார் பெயரில் படுக்க வைக்கலாமென்று டாக்ஸியில் கூட்டிக்கொண்டு போனார்கள். ஒதுக்கியிருந்தது ஆண்கள் வார்டு. நர்ஸம்மா சிரித்துவிட்டுத் திருப்பி அனுப்பினாள். அனுமதியைத் திருப்பிக் கொடுத்தால் அந்தக் குடும்பத்துக்கு மறுபடி வராது என்று வேதாந்தம் எச்சரித்திருந்தார். கிழவர் வராந்தாவிலேயே அழுதார். செத்தவனுக்கு எதுக்குடா வைத்தியம், என்னை ஊருக்கே அனுப்பிடு என்றார். பூங்கோதைதான் அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“படுத்துக்கங்க மாமா. வந்த ஆபரேஷன் நம்ம வீட்டுல யாருக்காச்சும் ஆகட்டும்,” என்றாள்.

ஆபரேஷன் நன்றாகவே நடந்தது. ஒன்பது வருடமாக நின்றுபோயிருந்த நெஞ்சு சரியாக அடிக்க ஆரம்பித்தது, டாக்டர்களே மெச்சிக்கொண்டார்கள். கிழவருக்குத் தையல் பிரித்த வாரத்தில், அடுப்பில் பருப்பு வெந்துகொண்டிருந்தபோது, பூங்கோதை சுவரோரமாகச் சாய்ந்து உட்கார்ந்தவள் எழுந்திருக்கவில்லை. கலியமூர்த்தி காரியத்துக்கு விடுப்பு கேட்டான். உங்கள் குடும்பத்தில் இரண்டே பேர்தான், இரண்டு பேரும் நலம் என்று ஆபீஸ் பதில் எழுதியது. அவன் அதற்கப்புறம் யாரிடமும் எதையும் கேட்கவில்லை. பூங்கோதைக்கென்று அமாவாசை அமாவாசையாக எள் இறைத்தான், வா என்று மட்டும் கூப்பிடவில்லை. அவள் படியேறப் பட்ட பாடு அவனுக்குத் தெரியும்.

ஜோதிலிங்கம் ஊருக்குத் திரும்பவில்லை. அடிக்கிற நெஞ்சை வைத்துக்கொண்டு அங்கே எப்படிப் போவது? ரேஷன் கடைக்கும் பால் பூத்துக்கும் அவர்தான் போய்வந்தார். மகன் இருக்கும்போது உரக்கப் பேசமாட்டார், ருசித்துச் சாப்பிடமாட்டார். கலியமூர்த்திக்கு அவர்மேல் கோபம் வந்த நாளும் உண்டு, அழுகை வந்த நாளும் உண்டு. இரண்டும் இல்லாத ஞாயிற்றுக்கிழமைகளில் அவன் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, அவர் நெஞ்சில் காதை வைத்துக் கேட்பான். கிழவர் சட்டைப் பொத்தானைக் கழற்றிக்கொண்டு, அவனாகப் போதுமென்று எழுந்து போகிறவரைக்கும் அசையாமல் உட்கார்ந்திருப்பார்.