கொடுத்த பிள்ளை

மூன்று பள்ளிகளுக்கு எழுதிப் போட்டதில் மூன்றிலிருந்தும் பதில் வந்தது. பதிலை வைத்துக்கொண்டு எந்த முடிவும் செய்ய மாட்டேன் என்றான் என் அண்ணன் சம்பத்.

"காகிதத்துல எல்லா ஏரோப்ளேனும் பறக்கும். நேர்ல போய்ப் பாக்கணும்" என்றான்.

அவன் திருப்பதியில் என் மாமா நாகேந்திரன் வீட்டில் தங்கி பி.எஸ்ஸி. முடித்திருந்தான். விமானம் ஓட்டுகிற வேலையைத் தவிர வேறு எதையும் அவன் நினைக்கவில்லை. அதற்கு முதலில் ஒரு பள்ளியில் தங்கிப் படிக்க வேண்டும், படித்து லைசென்சு வாங்க வேண்டும். பெங்களூரில் ஒரு பள்ளி இருந்தது. அவர்கள் கேட்ட தொகையைப் படித்ததும் அந்தக் கடிதத்தை அவனே மடித்து வைத்துவிட்டான். மீதி இரண்டில் ஒன்று மெட்ராசுக்குத் தெற்கே, தனியார் ஒருவர் நடத்துவது. இன்னொன்று வடக்கே கங்கைக்கரையில், மத்திய சர்க்கார் நடத்துவது.

மெட்ராஸ் பள்ளியைப் பார்க்க அப்பாவும் அண்ணனும் சேர்ந்தே போனார்கள். அப்பாவை நாங்கள் நைனா என்றுதான் கூப்பிடுவோம். திரும்பி வந்ததும் கால்கூடக் கழுவாமல் பேச ஆரம்பித்தார்கள்.

"மூணு ஏரோப்ளேன் கீது நைனா. ரெண்டுத்துக்கு எஞ்சினைக் கழட்டிக் கோணி மேல வெச்சிக்கீறாங்கோ."

"ஒண்ணு பறக்குது இல்ல? நீ ஒருத்தன்தானே ஏறப்போற?"

"அந்த ஒண்ணுக்கு எத்தினி பேரு காத்துக்கினு கீறாங்கோ, பாத்த இல்ல? தனியா ஓட்டின மணிக்கணக்கு சேந்தாத்தான் லைசென்சு. ரெண்டு வருசமாக் கீறவன் இன்னும் வாத்தியாரு பக்கத்துல உக்காந்துக்கினு கீறான். சாப்பாட்டு ரூம்ல ஒருத்தன் இன்னா சொன்னான்? 'சார், சேந்தீங்கன்னா ஒரு விசிறி எடுத்துக்கினு வாங்க. இங்க ஈ ஒண்ணுதான் பறக்குது'ன்னான்."

அம்மா சிரித்துவிட்டாள். நைனா சிரிக்கவில்லை.

"மெட்ராஸு நம்ம பக்கம்டா. நாளைக்கு எல்லை போட்டாங்கன்னா நாமளும் அந்த ராஜ்யம். அங்க படிச்சாத்தான் மரியாதை."

"எல்லை போட்டா எஞ்சினு ஓடிடுமா நைனா?"

நைனா எழுந்து கிணற்றடிக்குப் போய்விட்டார்.

ஆந்திர ராஜ்யம் பிரிந்து அப்போது இரண்டு வருஷம் ஆகியிருந்தது. எங்கள் ஊர் பாலசமுத்திரம் சித்தூர் ஜில்லாவோடு அந்தப் பக்கம் போய்விட்டது. ஊரில் வீட்டுக்கு வீடு தமிழ்தான். எல்லையை மறுபடியும் அளப்பார்கள், எங்களை மெட்ராஸோடு சேர்ப்பார்கள் என்று எல்லாரும் நம்பிக்கொண்டிருந்தார்கள். அதற்காக ஊரில் ஒரு கமிட்டி இருந்தது. அதற்குத் தலைவர் எங்கள் நைனா செங்கல்வராயன்.

போன வருஷம் திரௌபதி அம்மன் கோயிலில் அவர் ஊரைக் கூட்டினார். கல்லின்மேல் கற்பூரம் ஏற்றினார்கள். வீட்டுக்கு ஓர் ஆண் வந்து அதை உள்ளங்கையால் அடித்து அணைத்துச் சத்தியம் செய்தான். எல்லை முடிவாகிற வரைக்கும், நாங்கள் ஆந்திர ராஜ்யத்தைச் சேர்ந்தவர்கள் என்று எழுதிய சர்ட்டிபிகேட்டை எங்கள் வீட்டில் யாரும் தாசில்தாரிடம் வாங்க மாட்டோம் என்பதுதான் சத்தியம். அப்படி வாங்கிய ஒவ்வொன்றும் நாளைக்கு நமக்கு எதிராகச் சாட்சி சொல்லும் என்றார் நைனா. முதலில் அணைத்தவரும் அவர்தான்.

அந்தச் சத்தியத்தில் முதலில் மாட்டியவள் தெற்குத்தெரு செங்கம்மா. புருஷன் இல்லாதவள். அவள் மகன் சண்முகத்துக்கு வாத்தியார் டிரெய்னிங்கில் இடம் கிடைத்தது. சேர வேண்டுமானால் அந்தச் சர்ட்டிபிகேட் வேண்டும். அவள் எங்கள் வாசலில் வந்து நின்று, இந்த ஒரு தடவை விட்டுவிடச் சொல்லிக் கேட்டாள்.

"ஒருத்தருக்கு விட்டா ஊருக்கே விட்டது மாதிரிம்மா" என்றார் நைனா. சண்முகம் பங்காருபாளையம் மண்டிக்கு மாங்காய்க்கூடை தூக்கப் போனான்.

கங்கைக்கரைப் பள்ளிக்கும் அதே சர்ட்டிபிகேட்தான் வேண்டியிருந்தது. அங்கே சொந்த விமானத்தளம் இருந்தது. ஓர் ஆசிரியருக்கு நான்கைந்து மாணவர்கள்தான். தங்குவதற்கும் சாப்பாட்டுக்கும் சர்க்காரே பொறுப்பு. ஆனால் மாணவனை அவனுடைய ராஜ்யம் சிபாரிசு செய்ய வேண்டும். அண்ணனுக்கு அதுதான் கடைசி வருஷம். அடுத்த வருஷம் வயது தாண்டிவிடும்.

சாப்பிடும்போது அம்மா பேச்செடுத்தாள்.

"புள்ளைக்கு இன்னா வேணும்னு அம்மனுக்குத் தெரியாதா?"

"அம்மனுக்குத் தெரியும் அம்சவேணி. செங்கம்மாவுக்கு இன்னா சொல்றது?"

அண்ணன் தட்டில் கையைக் கழுவிக்கொண்டு எழுந்தான். நேராகத் தெற்குத்தெருவுக்குப் போனான். நானும் பின்னாலேயே போனேன்.

செங்கம்மா புளி அடித்துக்கொண்டிருந்தாள். அவன் எல்லாவற்றையும் சொல்லி முடிக்கும்வரை கையை நிறுத்தவில்லை.

"உன் மேல எனக்கு இன்னா கோவம் கண்ணு? நீ போ, பற. ஆனா கேக்க வேண்டியது நீ இல்ல. உங்க நைனா கோயில்ல வந்து, ஊரு பாக்க, 'சத்தியத்தை எடுத்துடலாம், எல்லா வூட்டுக்கும் எடுத்துடலாம்'னு சொல்லட்டும். மொத ஆளா நான் சரின்றேன்."

அண்ணன் அதை அப்படியே நைனாவிடம் வந்து சொன்னான். எல்லைக்காரர்கள் சீக்கிரமே விசாரிக்க வரப்போகிறார்கள், இப்போது சத்தியத்தை எடுத்தால் ஊர் சிதறிப்போகும் என்று மட்டும் நைனா சொன்னார்.

"அப்போ நான் இன்னா பண்றது நைனா?"

"மெட்ராஸ் பள்ளியில சேரு."

"சேந்து ஈ ஓட்டறதா?"

அடுத்த வாரம் திருப்பதியிலிருந்து நாகேந்திரன் மாமா வந்தார். அம்மாவின் தம்பி; பஸ் கம்பெனியில் டிக்கெட் குமாஸ்தா. கல்யாணமாகி எத்தனையோ வருஷமாகியும் அவருக்கும் ரத்னம்மா அத்தைக்கும் பிள்ளை இல்லை. பேச்சில் பாதி தெலுங்கு, பாதி கேலி. வீடு முழுக்க முகத்தைத் தூக்கி வைத்திருப்பதைப் பார்த்துவிட்டு அவர் சிரித்துக்கொண்டே சொன்னார்:

"இதுக்கா இவ்ளோ யோசனை? புள்ளைய எனக்கு சுவீகாரம் குடுத்துடுங்க மாமா. நான் எந்தக் கற்பூரத்தையும் அணைக்கல. திருப்பதி தாசில்தாரு ஆபீஸ்ல எல்லாரும் மனவாள்ளே, நம்ம ஆளுங்க. உங்க சத்தியமும் நிக்கும், பையனும் பறப்பான், எனக்கும் கொள்ளி வைக்க ஆளாச்சு. ஏமந்தாரு, இன்னா சொல்றீங்க?"

அம்மா, "வாயை அலம்புடா" என்று அதட்டினாள். மாமா மறுபடியும் சிரித்தார்.

நைனா சிரிக்கவில்லை. மாமாவையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மெதுவாகக் கேட்டார்:

"சத்தியம் எங்க வூட்டுக்குத்தானே? அவன் எங்க வூடு இல்லன்னா?"

மாமாவின் முகத்தில் சிரிப்பு நின்றுவிட்டது. "சும்மா சொன்னேன் மாமா" என்றார்.

"நான் சும்மா கேக்கல."

அன்று முதல் நைனா வேறு எதையும் பேசவில்லை. இதில் பொய் எதுவும் இல்லை என்று அவர் திரும்பத் திரும்பச் சொன்னார். பேருக்குச் செய்தால்தான் பொய், முறையாகச் செய்தால் பொய் ஆகாது என்றார். அண்ணன் முதலில் மறுத்தான். மெட்ராஸ் பள்ளியின் கோணியும் எஞ்சினும் கண்ணில் நின்றதாலோ என்னவோ, பிறகு பேசாமல் இருந்தான். அம்மாவை யாரும் கேட்கவில்லை.

திருப்பதியில் மாமா வீட்டுக் கூடத்தில் முறையாகவே செய்தார்கள். நைனா அண்ணனைக் கையைப் பிடித்து அழைத்துப்போய் மாமாவின் மடியருகே உட்கார வைத்தார். எங்கள் வழக்கப்படி அவன் இடுப்பிலிருந்த அரைஞாணை அவரே அறுத்தார். ரத்னம்மா அத்தை புதுக்கயிறு கட்டினாள். "குடுத்தேன்" என்று நைனா சொன்னபோது குரல் தெளிவாக இருந்தது. மாமாதான் "வாங்கினேன்" என்று சொல்லத் தடுமாறினார். அம்மா பின்கட்டில் தண்ணீர் சேந்துகிற சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. தொட்டி நிரம்பி வழிந்த பிறகும் அவள் நிறுத்தவில்லை.

சர்ட்டிபிகேட் வந்தது. சிபாரிசும் வந்தது. கங்கைக்கரைப் பள்ளி இடம் கொடுத்தது.

சுவீகாரச் செய்தி நாங்கள் திரும்புவதற்கு முன்னாலேயே ஊருக்கு வந்திருந்தது. கிணற்றடியில் பெண்கள் என்னைப் பிடித்துக்கொண்டார்கள்.

"இன்னாடி யசோதா, கூடப் பொறந்தவன் மாமன் புள்ளையா ஆயிட்டானாமே? முறை மாப்பிள்ளை! பாக்கு வெத்தல எப்போ?"

நான் குடத்தை அங்கேயே வைத்துவிட்டு வந்தேன்.

வடக்கே புறப்படும் முன்னால் அண்ணன் ஒரு முறை வீட்டுக்கு வந்தான். நாகேந்திரன் மாமா வேண்டாம் என்றிருக்கிறார். அவன் கேட்கவில்லை. தகரப்பெட்டியோடு அவன் பஸ்ஸை விட்டு இறங்கியதை ஊரே பார்த்தது. அவன் எங்கள் வாசலுக்கு வருவதற்குள் கமிட்டிக்காரர்கள் ஏழெட்டுப் பேர் வந்து நின்றுவிட்டார்கள். அவர்களை விலக்கிக்கொண்டு செங்கம்மா முன்னால் வந்தாள்.

நைனா நடையில் நின்றுகொண்டிருந்தார். அண்ணன் படியருகே வந்துவிட்டான்.

"யாருணா வந்துக்கீறது?" என்று கேட்டாள் செங்கம்மா.

மகன் என்று சொன்னால் சுவீகாரம் நாடகம், சத்தியமும் போயிற்று. அது அங்கே நின்ற எல்லாருக்கும் தெரியும்.

"என் மச்சான் புள்ள" என்றார் நைனா. பிறகு என் பக்கம் திரும்பி, "யசோதா, உங்க மாமா புள்ள வந்துக்கீறாரு. தண்ணி குடும்மா" என்றார்.

'வந்துக்கீறாரு' என்றார். மகனை அவர் ஒருநாளும் அப்படி மரியாதை வைத்துச் சொன்னதில்லை.

நான் சொம்பை நீட்டினேன். அண்ணன் நின்றபடியே வாங்கிக் குடித்தான்.

"நாளைக்கு ரயிலு மாமா. சொல்லிட்டுப் போலாம்னு வந்தேன்."

மாமா என்று அவன் நைனாவைத்தான் கூப்பிட்டான்.

"நல்லாப் படிங்க" என்றார் நைனா.

"அத்தை கிட்டவும் சொல்லிடறேன்."

அம்மா கதவுக்குப் பின்னால்தான் இருந்தாள். வெளியே வந்தாள். கையில் கட்டுச்சோறு இருந்தது. அதை அவன் பெட்டியின்மேல் வைத்தாள். கூட்டத்தை ஒருவர்விடாமல் பார்த்தாள்.

"நான் குடுக்கல" என்றாள். அவ்வளவுதான். உள்ளே போய்விட்டாள்.

அண்ணன் படியேறவில்லை. வந்த பஸ் சித்தூருக்குத் திரும்பும்போது அதிலேயே போய்விட்டான்.

கூட்டம் கலைந்தது. போகிற போக்கில் கமிட்டியில் ஒருவர், "எனக்குக்கூட சித்தூர்ல ஒரு மச்சான் கீறாம்பா" என்றார். இன்னொருவர், "எனக்கு நகரியில" என்றார். சிரிப்புக் கேட்டது. நைனா அதைக் கேட்காதவர்போல நின்றார். அவர் ஒரு வருஷமாகக் கட்டிக் காத்தது அந்தச் சிரிப்போடு முடிந்தது என்று அவருக்குத் தெரியாமல் இல்லை.

பொழுது சாய்கிற நேரத்தில் செங்கம்மா மறுபடியும் வந்தாள். இந்தத் தடவை தனியாக வந்தாள். படிக்குக் கீழேயே நின்றாள்.

"ணா, ஒண்ணு கேக்கணும். நாளைக்கு சண்முகத்தைச் சித்தூருக்கு அனுப்பி சர்ட்டிபிகேட்டு வாங்கிக்கினு வரச் சொல்றேன். தடுப்பியா?"

நைனா அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

"இல்லம்மா. போவட்டும்."

"சத்தியம்?"

"போவட்டும்னேன் இல்ல. யார் வேணும்னாலும் வாங்கிக்கட்டும். நாளைக்குக் கோயில்ல நானே சொல்லிடறேன்."

செங்கம்மா தலையை ஆட்டினாள். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"அவனுக்கு வயசு தாண்டிப்போச்சுணா. அந்த டிரெய்னிங்கு ஸ்கூல்ல இனிமே சேத்துக்க மாட்டாங்கோ. சர்ட்டிபிகேட்டு வாங்கி நான் இன்னா பண்ணப்போறேன்? நீ இன்னா சொல்றேன்னு கேக்கத்தான் வந்தேன்."

அவள் போய்விட்டாள். நைனா நடையிலேயே உட்கார்ந்தார். விளக்கேற்றின பிறகும் எழுந்திருக்கவில்லை.

அம்மா சோறு போட்டு வைத்துவிட்டு, "ஆறுதுன்னு சொல்லு" என்று என்னிடம் சொன்னாள். நடையிலிருந்த அவரிடம் அவளே சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அதற்குப் பிறகு அந்த வீட்டில் அவர்கள் இருவரும் பேசியதெல்லாம் என் வாய் வழியாகத்தான்.