மீனுக்கு ஜாதகம்

அப்பாவின் சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டே ஆன்சி நாலாவது தடவையாக வாசலைப் பார்த்தாள். சவப்பெட்டியை மூடப் பத்து நிமிடம்தான் இருந்தது. பெற்ற தகப்பன் கிடக்கிறார், இவளுக்கு மீன் நினைப்பு! வெட்கமாகத்தான் இருந்தது. ஆனால் மனசு கேட்கவில்லையே.

அப்பா, கணக்கு வாத்தியார் பெனடிக்ட், விடிவதற்குள் போய்ச் சேர்ந்துவிட்டார். அன்றைக்கென்று பார்த்துத் திருவாதவூர்ப் பக்கத்து அவர்கள் ஊர்க் கண்மாயில் மீன்பிடி. தள்ளிவைக்கலாமா என்று ஊரார் வந்து கேட்டார்கள். கூடாது என்று ஆன்சிதான் சொன்னாள்.

மூன்று வருஷத்துக்கு முன்னால், நீர்க்காகங்கள் மீனைத் தின்று தீர்க்கின்றன, அவை கூடு கட்டும் கருவேல மரங்களை வெட்டிவிடுவோம் என்று ஊர் கிளம்பியது. பெனடிக்ட் குறுக்கே நின்றார். பறவை தின்பது பொடி ஜிலேபிக் கெண்டையை. தின்னாமல் விட்டால் அது ஒன்று ஆயிரமாகப் பெருகி, ஊர் வளர்க்கும் கட்லா மீனின் இரையையும் காலி பண்ணிவிடும். பறவை எத்தனை, மீன் எத்தனை, ஒன்று கூடினால் மற்றது எவ்வளவு குறையும் என்று வருஷக்கணக்காக எண்ணிச் சமன்பாடு போட்டு வைத்திருந்தார். மூன்றாம் வருஷம் கட்லா சராசரி ஒண்ணேமுக்கால் கிலோ நிற்கும், நிற்காவிட்டால் முதல் வெட்டு நானே வெட்டுகிறேன் என்றார். முக்கால் கிலோவைத் தாண்டாத கண்மாய் அது. கண்மாய்க் குழுத் தலைவர் கண்ணுச்சாமி விழுந்து விழுந்து சிரித்தார். மீனுக்கு ஜாதகம் கணிக்கிற வாத்தியாரை இப்போதுதான் பார்க்கிறேன் என்றார். அன்றிலிருந்து டீக்கடை வரைக்கும் அவர் 'ஜாதக வாத்தியார்'தான்.

பெட்டியை மூட மூடியைத் தூக்கினார்கள். அப்போதுதான் கண்ணுச்சாமி சேறு சொட்டச் சொட்ட உள்ளே நுழைந்தார். கையில் மாலை இல்லை, ஒரு கட்லா! சாவு வீட்டுக்குள் மீனோடு வருவார்களா எவராவது? பெரியம்மா இன்னாசியம்மாள் ஏச ஆரம்பித்தாள். அவர் காதில் அது விழவே இல்லை, நேரே ஆன்சியிடம் வந்தார்.

“நூறு மீன நிறுத்துப் பாத்தோம் தாயி. ஒண்ணே முக்கா. கூட இருவது கிராம்.”

“இருவதுதானா?”

“அம்புட்டுதான் பிசகு. மரத்துல இனி எவனும் கை வைக்க மாட்டான். சாருகிட்ட நானே சொல்லணும்னு ஓடியாந்தேன்.”

ஜெயித்துவிட்டார் மனுஷன்! ஆன்சி அழுதாள், அழுகைக்கு நடுவிலேயே சிரிப்பும் வந்தது.

கண்ணுச்சாமி தயங்கினார். “சாரு... அடுத்த வருசத்துக்கும் போட்டு வச்சிருக்காரா?”

“பத்து வருசத்துக்கு இருக்கு மாமா.”

அவர் மீனை வாசலில் வைத்துவிட்டு வந்து, தலைமாட்டுப் பக்கம் தோள் கொடுத்தார். வெள்ளைப் பெட்டியில் அப்பிய சேற்றை யாரும் துடைக்கவில்லை.