மூச்சு வெட்டிய பாட்டு

ஒலிப்பதிவுக் கூடத்தில் அவனைவிடச் சுத்தக்காரன் கிடையாது. பாடுபவர் மூச்சு இழுக்கும் சத்தம் காதில் விழுந்தால் போதும், அவனுக்கு உடம்பெல்லாம் அரிக்கும். அதை வெட்டி எறிந்த பிறகுதான் டீயே குடிப்பான். அந்தச் சுத்தத்தாலேயே தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொண்டான்.

அக்காவுக்குத் தொண்டையில் அறுவை சிகிச்சை, அதன்பின் பேச்சே வராது என்று டாக்டர் சொன்ன வாரமே அவளை மைக் முன்னால் உட்கார வைத்தான். அவள் பாடுவதைக் கேட்டுக் கம்ப்யூட்டர் பழகிக்கொண்டால், பிறகு எந்தப் பாட்டைக் கொடுத்தாலும் அவள் குரலிலேயே பாடும். அவள் மகளுக்கு அம்மாவின் குரலாவது மிஞ்சும்.

பதினோரு நாள் பாடினாள். சும்மாவா பாடினாள்? வரிக்கு நடுவே சிரிப்பாள். "டேய் தம்பி, தண்ணி குடுடா, தொண்டை காயுது" என்பாள்.

"அக்கா, ரெக்கார்டிங் ஓடுது. கொஞ்சம் வாயை மூடேன்."

"மூடத்தானே போறேன்! அதுக்குள்ள உனக்கு என்னடா அவசரம்?"

சிரிப்பு, பேச்சு, மூச்சு எல்லாவற்றையும் அன்றன்றைக்கே வெட்டினான். வெட்டியதைக் குப்பை என்று அழித்தும் விட்டான், பாவி.

மூன்று மாதம் கழித்து அவள் வீட்டு ஹாலில் கம்ப்யூட்டரையும் ஸ்பீக்கரையும் வைத்து, அவள் குரலில் அது பாடிய புதுப் பாட்டைப் போட்டுக் காட்டினான். சுருதி இம்மி பிசகவில்லை. மூச்சு விட டாக்டர் கழுத்தில் போட்ட துளையை மூடிய துணியைத் தடவியபடி முழுப் பாட்டையும் கேட்ட அக்கா, நோட்டில் எழுதினாள்: "நல்லா பாடுறா. யாரு?"

"நீதான்க்கா!"

"மாமா, அம்மா உங்களைத் திட்டுவாங்களே, அதைப் போடுங்க" என்றாள் மகள்.

அவனிடம் ஏது? அவசரமாக "டேய் தம்பி, தண்ணி குடுடா" என்று டைப் செய்தான். கம்ப்யூட்டர் பிசிறில்லாமல் சொன்னது. தாகம்தான் இல்லை.

"இது அம்மா இல்ல" என்று மகள் எழுந்து உள்ளே போய்விட்டாள்.

அவன் எல்லாவற்றையும் சொல்லி அழுதான். அக்கா அவன் முதுகில் ஒன்று வைத்தாள். பிறகு அவன் பையிலிருந்த மைக்கை எடுத்துக் கழுத்துத் துளைக்கு நேராகப் பிடித்தாள். உஸ், உஸ் என்று மூச்சு வந்து போனது. இன்னொரு கையால் எழுதினாள்: "மிச்சம் இதுதான்டா இருக்கு. இதையாவது வெட்டாதே."

அவன் பதிவுப் பொத்தானை அழுத்தினான். அந்தச் சிரிப்பு மட்டும் போனது போனதுதான்.